நான் பன்னீர்ச்செம்பை அறுத்த கதை

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் வந்து பேசும்படிதான் முதலில் என்னைக் கேட்டார்கள். பிறகு, என்னோடு வேலை பார்த்த யாரோ உண்மையைப் போட்டு உடைத்திருக்க வேண்டும். மறுநாளே, "சார், நீங்க சிரமப்பட்டு வர வேணாம், எழுதிக் குடுத்துருங்க" என்று போன் வந்தது. நான் பேச ஆரம்பித்தால் கேட்பவர்களின் மதியச் சாப்பாடு ஆறிவிடும் என்பது திண்டுக்கல் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். எழுத்தில் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. அலுத்துப்போனால் இதை மடித்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகலாம். நான் பார்க்கப் போவதில்லை.

நம் வேலை என்னவென்று வெளியாட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். வீடு வீடாகப் போய், பழைய பாத்திரம் பண்டங்களைக் கெஞ்சி வாங்கி வந்து, அளந்து, மையில் படம் வரைந்து, அப்படியே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். பொருள் அவர்கள் வீட்டில், படம் நம்மிடம். எனக்குப் பெண் கொடுக்கும்போது என் மாமனார் இதைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அம்புட்டுத் தூரம் போயி வாங்கிட்டு வந்தபெறகு, பாத்திரத்தையே வச்சுக்கிட்டா என்னா மாப்ளே?" என்றார்.

உங்கள் கையில் இப்போது திரையும் அதில் எழுதும் குச்சியும் இருக்கின்றன. எனக்குப் பொறாமைதான். எங்கள் மைப்பேனா அடைத்துக்கொள்ளும், உதறுவோம். உதறிய மை சுவரில் தெறித்திருக்கும். "நீங்க வரைஞ்சதுலயே பதட்டம் இல்லாம வந்தது அந்தச் சுவர்தான்" என்று எங்கள் மேடம் ஒருமுறை சொன்னார். மேடம் என்றால் அப்போது எங்கள் பிரிவின் தலைவி. பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்தக் கட்டுரையைத் தேடிப்பிடித்து, சிவப்பு மையில் திருத்தி, எனக்கே அனுப்பிவைப்பார்.

எப்படி அளப்பது, எப்படி வரைவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது படம் முடிந்த பிறகு நடக்கக்கூடியது. அதைப் பயிற்சியில் சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அது எனக்கு மட்டும்தான் நடந்தது.

சாணார்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு வீட்டில் நெல் அளக்கும் மரக்காலை அளந்துகொண்டிருந்தோம். அப்போது பக்கத்துத் தெருவிலிருந்து சுந்தரி என்றொரு பெண்மணி வந்தார். மல்லிகைத் தோட்டக்கார வீட்டு மருமகள், நாற்பதைத் தொட்டிருப்பார். கையில் பழைய துண்டில் சுற்றிய ஏதோ ஒன்று. பச்சைப் பிள்ளையைத் தூக்கி வருவதுபோல் தூக்கி வந்தார்.

"சார், இதையும் வரைவீங்களா?"

துண்டை விலக்கினால் ஒரு பன்னீர்ச்செம்பு. நான் எத்தனையோ பன்னீர்ச்செம்பு பார்த்திருக்கிறேன். இது வேறு. நீண்ட கழுத்து. நுனியில் தாமரைக்காய் போல ஒரு தலை, அதில் பன்னீர் தெறிக்கப் பொடிப்பொடியாகத் துளைகள். கழுத்தில் மோதிரங்களைக் கோத்து இறக்கியதுபோல் வளையங்கள். கீழே வயிறு பருத்து, அதைச் சுற்றி ஒரு கொடி ஓடி, கொடிக்கு நடுவே ஒரு பறவை.

அது சுந்தரியின் சொந்தச் செம்பு அல்ல. பங்காளி வீடுகள் அத்தனைக்கும் பொது. யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் அந்தச் செம்புதான் மண்டப வாசலில் நிற்கும். அதை வைத்திருந்து துலக்கிப் பாதுகாக்கிற வீட்டுப் பெண்தான் வாசலில் நின்று, வருகிறவர்கள்மேல் பன்னீர் தெளிப்பார். பங்காளிகள் கூடிப் பேசி முந்தின வருடம்தான் செம்பைச் சுந்தரியிடம் ஒப்படைத்திருந்தார்கள். வருகிற மாதம் ஓரகத்தி மகனுக்குக் கல்யாணம். அதில்தான் அவர் முதல்முறையாகச் செம்போடு வாசலில் நிற்கப் போகிறார்.

"வீட்ல கேட்டீங்களாம்மா?" என்று மேடம் கேட்டார்.

"கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்வாங்க மேடம். வரைஞ்சதும் காட்டிக்கிறேன். இம்புட்டு அழகா இருக்கு, இதுக்கு ஒரு படம் இல்லையே."

அந்தக் கடைசி வாக்கியத்தில் மேடமே விழுந்துவிட்டார். நான் எம்மாத்திரம்?

கதைக்குள் போகுமுன் நம் படங்களின் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் அன்று நடந்ததெல்லாம் அதனால்தான். பாத்திரத்தின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு போடுவோம். கோட்டுக்கு வலப்பக்கம், பாத்திரம் வெளியே எப்படி இருக்கிறதோ அப்படி. இடப்பக்கம், அந்தப் பாதியை மட்டும் வெட்டி எடுத்தால் உள்ளே எப்படித் தெரியுமோ அப்படி. தகட்டின் கனத்தைக் கறுப்பு மையால் நிரப்புவோம். ஒரே படத்தில் வெளியும் உள்ளும் வந்துவிடும். பாத்திரத்தை யாரும் வெட்டுவதில்லை, மனசுக்குள்ளேயே வெட்டிக்கொள்வதுதான். இது நமக்குத் தெரியும். நமக்கு மட்டும்தான் தெரியும் என்பது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அந்தச் செம்புக்காக நான் உட்கார்ந்ததுபோல் வேறு எதற்கும் உட்கார்ந்ததில்லை. கழுத்தின் வளைவை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். நடுவில் மூச்சு விட்டால் கோடு இருமிவிடும். ஆகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுப்பேன். அந்த நேரத்தில் பார்த்தவர்கள் எனக்கு நெஞ்சுவலி என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். வயிற்றின் நிழலுக்குக் கோடே கிடையாது. எல்லாம் புள்ளி. வெளிச்சம் விழுகிற இடத்தில் ஒன்றிரண்டு, பக்கவாட்டில் போகப்போக நெருக்கம், ஓரத்தில் எறும்புக் கூட்டம்.

மேடம் இரண்டு தடவை வந்து பார்த்தார். முதல் தடவை, "செம்புல ஒரு நெளிசல் இருக்கே, படத்துல எங்க?" என்றார். செம்பைத் திருப்பி வைத்து நெளிசலைக் கண்ணுக்குப் படாமல் ஒளித்திருந்தேன். "ஏன் சார், மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்குப் பொண்ணு காட்டுறமா? நெளிசலை இங்கிட்டுத் திருப்புங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். திருப்பினேன். உங்கள் கணினியில் ஒரு பாதியை வரைந்து அப்படியே மறுபாதிக்குப் புரட்டிப் போடும் வசதி உண்டாம். ஒரு பக்கம் நெளிந்த செம்பு அதனால் இரண்டு பக்கமும் நெளிந்து, சண்டைக்குப் போய்விட்டு வந்ததுபோல் ஆகிவிடும். பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது தடவை பறவையைப் பார்த்தார். எத்தனையோ பேர் புளி போட்டுத் துலக்கியதில் அதன் வால் தேய்ந்தே போயிருந்தது. நான் ஆசைப்பட்டு ஒரு வால் போட்டிருந்தேன்.

"இந்த வால் செம்புல எங்க இருக்கு?"

"இருந்திருக்கும் மேடம்."

"இருந்திருக்கும்ங்கிறதையெல்லாம் உங்க வீட்டுச் சுவத்துல வரைஞ்சுக்கங்க."

பிளேடால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். வால் இருந்த இடம் வெறும் தாளாக நின்றது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது படம் முடிந்தது.

மேடம் அன்று ஆத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் ஆளுயரத் தானியப் பானை ஒன்றை அளக்கப் போயிருந்தார். நான் படத்தை மேசைமேல் வைத்து, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். பிறகு இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். சுவர் தடுத்திராவிட்டால் பழனி வரைக்கும் தள்ளிப் போயிருப்பேன். அந்த நேரத்தில் சுந்தரியிடமிருந்து போனில் குரல் செய்தி வந்தது.

"சார், செம்பு எப்படி சார் இருக்கு? நல்லா இருக்குல்ல? நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன் சார். நாளைக் கழிச்சுக் கல்யாணம்."

செம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டவருக்கு, நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதும். எந்தப் புத்திசாலியும் அதைத்தான் செய்திருப்பான். நான் என் படத்தைப் புகைப்படம் எடுத்து அனுப்பினேன். கூடவே ஒரு கட்டைவிரல்.

சற்றுப் பொறுத்துப் பதில் வந்தது.

"சார் மத்த பாதி எங்க சார்"

ஆஹா, நுணுக்கமாகக் கவனித்திருக்கிறாரே என்று எனக்கு ஒரே பூரிப்பு. உடனே தட்டினேன்: "அதுதாம்மா உள்பக்கம்! வெட்டிக் காட்டியிருக்கேன் பாருங்க!"

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் அவரிடமிருந்து எதுவும் வரவில்லை. அசந்து போய்விட்டார் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விதத்தில் அது சரிதான்.

நடந்தது இது. படம் வந்த சந்தோஷத்தில் சுந்தரி அதைச் சரியாகப் பார்க்கும் முன்பே சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். செம்பு வெளியே போயிருக்கிறது என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. அது போனதும் பாதியாகிப் போனதும் எல்லாருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்தது. அடுத்து எனக்கு வந்தது சுந்தரி அனுப்பிவைத்த ஒரு குரல் செய்தி. பேசியது அவர் அல்ல.

"அடியே சுந்தரி! செம்பை நெடுக்க அறுத்துப்புட்டான்டி அந்த ஆளு! ஓரமெல்லாம் கருகிப்போய்க் கெடக்கு பாரு. அறுத்துட்டு நெருப்புல வேற வாட்டியிருக்கான்!"

கருகியது நான் தகட்டின் கனத்தைக் காட்ட நிரப்பிய கறுப்பு மை.

திண்டுக்கல்லில் எங்கள் அலுவலகம் மாடியில். கீழே டீக்கடை. நான் என்ன பதில் அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. பூ மார்க்கெட்டுக்கு மல்லிகை ஏற்றி வரும் வேன். ஆகவே அலுவலகத்துக்குள் முதலில் மல்லிகை வாசனை வந்தது. அதன் பின்னால் அங்கம்மாள் வந்தார். சுந்தரியின் ஓரகத்தி, மாப்பிள்ளையின் அம்மா, குரல் செய்தியின் சொந்தக்காரர். அவருக்குப் பின்னால் அவருடைய கணவர் பெரியசாமி, அப்புறம் சித்தி, சின்ன மாமியார் என்று ஒரு கூட்டம். கடைசியாகச் சுந்தரி. அவர் உள்ளே வரவில்லை. கதவுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார்.

"இதுல யாரு ஆர்ட்டிஸ்ட்டு?" என்றார் அங்கம்மாள்.

அறையில் நானும், அலுவலக உதவியாளர் பாண்டியும்தான் இருந்தோம். எத்தனையோ நாள் என் டிபன்பாக்ஸில் பங்கு சாப்பிட்ட பாண்டி, கண் இமைக்காமல் என்னைக் கைகாட்டினார்.

"நீங்கதானா? பாத்தா நல்ல மனுசன் மாதிரி இருக்கீங்க. இம்புட்டு வேலை பாத்திருக்கீங்களே!"

"அம்மா, மொதல்ல உக்காருங்க."

"உக்கார வரல. செம்பை வைங்க. ரெண்டு துண்டையும் வைங்க. ஈயம் வச்சு ஒட்டியாவது எடுத்துட்டுப் போறோம்."

"செம்பு முழுசா இருக்கும்மா. இது வந்து, வெட்டுத் தோற்றம்னு சொல்றது..."

"வெட்டுனேன்னு அவரே சொல்றாரு, கேட்டுக்கங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார் அங்கம்மாள்.

"செம்பு அந்த அலமாரியிலதான் இருக்கு."

"அப்பத் தெறங்க."

"சாவி எங்க மேடம்கிட்ட இருக்கு."

"மேடம் எங்க?"

"ஆத்தூர் போயிருக்காங்க."

"போன் போடுங்க."

போட்டேன். எல்லாரும் கேட்கட்டும் என்று ஒலியைக் கூட்டி வைத்துப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக அந்தப் பெண் குரல் தமிழில் ஒருமுறையும் ஆங்கிலத்தில் ஒருமுறையும் நிதானமாகச் சொன்னது. எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிட்டது. அவர்கள் இடத்தில் நான் நின்றிருந்தாலும், இந்த ஆள் செம்பை அறுத்துத்தான் இருக்கிறான் என்று முடிவு கட்டியிருப்பேன்.

பாண்டியை பைக்கில் ஆத்தூருக்கு விரட்டினேன். அவர் இவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலைக்குக் கிளம்பி நான் பார்த்ததில்லை.

பெரியசாமி அலமாரியைச் சுற்றி வந்தார். "கம்பி எதாச்சும் இருக்கா? செத்த நேரத்துல நெம்பிருவோம்."

"அண்ணே, அது திண்டுக்கல் பூட்டு. அதை நெம்பி முடிக்கிறதுக்குள்ள உங்க மகன் கல்யாணம் முடிஞ்சு, மருமகளுக்கு வளைகாப்பே வந்துரும்."

ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நல்ல ஒரு நகைச்சுவை என் கண் முன்னாலேயே செத்துக் கிடந்தது.

அங்கம்மாள் கதவுப் பக்கம் திரும்பினார். "யாரைக் கேட்டுடி குடுத்த?"

"ஒரு படம் இருக்கட்டும்னுதான்க்கா..." என்றார் சுந்தரி.

"படம் இருக்கு. செம்பைத்தான் காணோம். இந்தா பாரு, மண்டப வாசல்ல யாரு நிக்கிறதுன்னு வர்ற வழியில வேன்லயே பேசி முடிச்சாச்சு. உங்கிட்ட இனிமே ஒண்ணையும் நம்பிக் குடுக்க ஏலாது."

சுந்தரி சேலைத் தலைப்பின் நுனியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். அதுவரை நான் என்னைப் பற்றித்தான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் புரிந்தது, இங்கே மாட்டிக்கொண்டிருப்பது நான் இல்லை. என்னை நாலு திட்டு திட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாளை நானும் மறந்துவிடுவேன். சுந்தரி அந்த வீடுகளுக்கு நடுவேதான் வாழ்ந்தாக வேண்டும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஒரு நேரம் வரும். கம்பியை எடுத்துப் பூட்டை உடைத்திருக்கலாம். ஆனால் அந்த அலமாரியில் வேறு வீடுகளின் பீங்கான் ஜாடிகளும் கண்ணாடிக் குப்பிகளும் இருந்தன. ஒன்றை நிரூபிக்கப் போய் நாலை உடைத்தால் அந்த வீடுகளுக்கு யார் பதில் சொல்வது? அதைவிட முக்கியமாக இன்னொன்று. பூட்டைத் திறந்தால் செம்பு முழுதாக இருப்பது தெரியும், அவ்வளவுதான். சுந்தரி எதற்காக அதைக் கொடுத்தார் என்பது தெரியாது. அதற்கு அவர்கள் படத்தைப் பார்த்தாக வேண்டும். கோபத்தில் இருப்பவர்களைப் படம் பார்க்கவைப்பது எப்படி? எனக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்றுதான். சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டினேன். தடித்த பேனாவை எடுத்தேன். நடுவில் ஒரு கோடு போட்டேன்.

கோட்டுக்கு வலப்பக்கம் என்னை வரைந்தேன். பாதி வழுக்கை, அதில் பிடிவாதமாக நிற்கும் நாலு முடி, பாதிக் கண்ணாடி, பாதி மீசை, முழு மரியாதையோடு பாதித் தொந்தி. இடப்பக்கம் என் உட்புறம். மண்டையோட்டை நம் முறைப்படி கறுப்பாக நிரப்பினேன். அதிலிருந்து கீழே இறங்கும் குழாய். குழாய் முடிகிற இடத்தில் காலையில் சாப்பிட்ட இட்லி, அதன்மேல் கீழ்க்கடை போண்டா, எல்லாவற்றுக்கும் மேலே மிதக்கும் டீ.

"இந்தப் பக்கம் நான், வெளியில. இந்தப் பக்கமும் நான்தான், உள்ள. இப்பச் சொல்லுங்க, நான் என்ன அறுபட்டா நிக்கிறேன்?"

கூட்டம் தாளைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. பெரியசாமி தாளுக்கு அருகில் போய்க் குனிந்தார்.

"போண்டா ரெண்டுதானா?"

"மூணுண்ணே. ஒண்ணு பின்னால மறைஞ்சிருக்கு."

அங்கம்மாள் இடுப்பில் கையை வைத்து என் மண்டைப் பகுதியை நன்றாக ஆராய்ந்தார். "அதெல்லாஞ் சரி. உள்ள மூளையைக் காணோமே?"

"தகட்டுக் கனம் போக எடம் பத்தலம்மா."

கதவுப் பக்கமிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. சுந்தரிதான். சிரித்துவிட்டு, சிரிக்கக்கூடாத நேரம் என்று வாயைப் பொத்திக்கொண்டார். ஆனால் அதற்குள் சின்ன மாமியாருக்குத் தொற்றிவிட்டது. அவர் சிரித்தால் அந்தக் குடும்பத்தில் யாராலும் அடக்க முடியாதாம்.

அங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. போனை எடுத்தார். திரையில் இருந்த செம்புப் படத்தின் ஒரு பாதியைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தார். பிறகு மறுபாதியை மறைத்துப் பார்த்தார்.

"அப்ப இது செம்போட வயித்துக்குள்ளயா?"

"ஆமாம்மா."

"அறுக்காமயே?"

"மெல்லிசா ஒரு கம்பியை உள்ள விட்டு அளந்தோம். அறுத்ததெல்லாம் மனசுக்குள்ளதான்."

"அதை மொதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல?" என்றார் அங்கம்மாள். "போன்ல இம்மியூண்டு தெரியுது. நெசப் படம் எங்க?"

மேசைமேல் இருந்த தாளை எடுத்துச் சன்னல் வெளிச்சத்தில் வைத்தேன். பூதக்கண்ணாடியையும் வைத்தேன். எல்லாரும் மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். சுந்தரிகூடக் கதவை விட்டு வந்து, ஒரு தோளுக்கும் இன்னொரு தோளுக்கும் இடையில் தலையை நுழைத்தார்.

அதன் பிறகு நடந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பெரிய பெரிய படிப்பாளிகள் என் படங்களைப் பார்த்திருக்கிறார்கள். பார்த்து, "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டியிருக்கிறார்கள். இவர்கள் ஒரே தாளை விட்டு நகரவில்லை.

"கல்யாணமாகி வந்த நாள்லருந்து துலக்குறேன், உள்ள விரல் போகாது" என்றார் சின்ன மாமியார். "எப்படி இருக்கும்னு ஒரு நா பாத்ததில்ல. உள்ள பூவும் இல்ல, கொடியும் இல்ல. மொழுமொழுன்னு இருக்கு."

பெரியசாமி கறுப்பு ஓரத்தின் மேல் விரலைப் படாமல் ஓட்டினார். "அடியில தகடு எம்புட்டுக் கனம் பாரு. மேல போகப்போக இளைச்சு, கழுத்துல நகம் மாதிரி ஆயிருது. அதான் குலுக்குனாலும் சாயாம நிக்கிது. யாரு செஞ்சானோ, கெட்டிக்காரன்."

"இது என்னா புள்ளி?" அங்கம்மாள் வயிற்றின் நிழலைக் காட்டினார். "கோலத்துக்குப் புள்ளி வச்சுட்டு, கோடு இழுக்க மறந்துட்டாரு போல."

"இல்லக்கா, இங்கிட்டு வந்து தள்ளி நின்னு பாருங்க" என்றார் சுந்தரி. அன்று அறைக்குள் வந்த பிறகு அங்கம்மாளிடம் அவர் தைரியமாகச் சொன்ன முதல் வார்த்தை அது. "கிட்டக்கப் பாத்தாத்தான் புள்ளி. தள்ளிப் போனா உருண்டு வருது."

அங்கம்மாள் தள்ளி நின்றார். பிறகு மறுபடி கிட்டே வந்தார், மறுபடி தள்ளிப் போனார். நான் தனியாகச் செய்ததையேதான் அவரும் செய்தார். சுவரில் முதுகு இடித்ததும் நின்றார். அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் இருந்த பயமெல்லாம் போய்விட்டது.

"ஏங்க, இந்த நெளிசலைப் பாத்தீங்களா?" என்று திடீரென்று கணவரைப் பிடித்தார். "நம்ம கல்யாணத்துல, பதட்டத்துல கையை வீசி செம்பைக் கீழ தட்டிவிட்டது யாரு?"

"அதை எதுக்கு இப்ப இழுக்குற? பேசாம இரு."

"படத்துலயே வந்துருச்சு. இனிமே நான் பேசாம இருந்து என்னா?"

நெளிசலை மறைக்கப் பார்த்த நான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். இந்தச் சந்தோஷத்தை அவர்களுக்குத் தராமல் போயிருப்பேனே!

இதிலிருந்து உங்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். படம் பார்க்கத் தெரியாதவர் என்று உலகத்தில் யாரும் கிடையாது. வாசல் எந்தப் பக்கம் என்று நாம் காட்டாமல் விட்டுவிடுகிறோம். காட்டிவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் செம்பு அவர்களுடையது. ஒதுங்கி நிற்பதுதான் கஷ்டம். எனக்கு வாய் சும்மா இருக்காது என்பதால் கீழ்க்கடைக்குக் குரல் கொடுத்து ஒரு போண்டாவை வரவழைத்து வாயில் அடைத்துக்கொண்டேன். சுவரில் இருந்த படத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

அடுத்த சண்டை பறவையில் ஆரம்பித்தது.

"கிளி அழகா வந்திருக்கு" என்றார் பெரியசாமி.

"கிளியா? அது மயிலு" என்றார் அங்கம்மாள்.

"மயிலுக்குத் தோகை எங்க?"

"கிளிக்கு மட்டும் வாலு எங்க? அதான் தேஞ்சுபோச்சே. கொண்டையைப் பாருங்க, மயிலுதான்."

"அது கொண்டை இல்ல, மேல ஓடுற கொடி."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுரண்டி எடுத்த வாலை நினைத்துக்கொண்டு, வாயில் போண்டா இருப்பதாகச் சைகை காட்டினேன். அறை இரண்டு கட்சியாகப் பிரிந்தது. செம்புக்கு முன்னால் இத்தனை காலம் நின்றவர்கள், ஆளுக்கொரு பறவையை அதில் பார்த்துக்கொண்டு, அதை ஒருவருக்கொருவர் சொல்லாமலே இருந்திருக்கிறார்கள். பூதக்கண்ணாடி கை மாறிக்கொண்டே இருந்தது. அலமாரியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்தச் சண்டையின் நடுவில், படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே அங்கம்மாள் சொன்னார்.

"சுந்தரி, வாசல்ல நிக்கிறப்ப மயிலை வர்றவங்க பக்கமாத் திருப்பி வச்சுக்க. கழுத்தைப் புடிக்காத, அது இளைப்பா இருக்கு. அடியில கையைக் குடு."

வேனில் பேசி முடித்தது என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பெரியசாமி மட்டும் என்னைப் பார்த்து, பேசாதே என்பதுபோல் லேசாகத் தலையசைத்தார்.

சுந்தரி ஒரு மூச்சு இழுத்துவிட்டார்.

"மயிலு இல்லக்கா. கிளி."

"எதுவோ ஒண்ணு. எப்படிப் புடிப்ப, காட்டு."

எல்லாரும் கொஞ்சம் விலகி இடம் விட்டார்கள். சுந்தரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். இடது உள்ளங்கையைக் குழித்து, இல்லாத செம்பின் அடியைத் தாங்கினார். வலது கையை அதன் கழுத்தருகே, பட்டும் படாமலும் வைத்தார். நான் அளந்த அளவுக்கு அந்த இரண்டு கைகளுக்கும் இடையே மிகச் சரியாக ஒரு செம்பு நின்றது. நிமிர்ந்து, வாசலைப் பார்த்து, யாரோ வருவதுபோல் சிரித்துக்கொண்டு குலுக்கினார்.

அப்போதுதான் கதவு திறந்தது. ஆத்தூர்ப் புழுதி அப்பிய முகத்தோடு, கையில் சாவியும் பின்னால் பாண்டியுமாக மேடம் நின்றார். சுந்தரியின் கை அவரை நோக்கி வீசியது.

மேடம் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டு, முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.